அமெரிக்காவில் மருத்துவமனை மீது வேலைப் பாகுபாட்டு வழக்கு போட நேராகக் கோர்ட்டுக்குப் போகலாமா?

பெரும்பாலும் முடியாது. நான் வக்கீல் இல்லை. ஜார்ஜியாவில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நிறம், இனம், மதம், பிறந்த நாடு பார்த்து வேலையில் ஓரவஞ்சனை செய்வதை 1964 சிவில் உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அதன் கீழ் வழக்கு போடுவதற்கு முன் ஈ.ஈ.ஓ.சி. என்ற மத்திய ஆணையத்தில் புகார் பதிந்தாக வேண்டும். கெடு 180 நாள். மாநிலத்திலும் அப்படி ஓர் அமைப்பு இருந்தால் 300 நாள். ஜார்ஜியாவில் தனியார் முதலாளி என்றால் 180தான்.

அக்காவை வேலையை விட்டு நீக்கியதும் எச்.ஆரிடம் முறையிட்டார். "பரிசீலனையில் இருக்கிறது" என்று இனிக்க இனிக்க மெயில் வந்துகொண்டிருந்தது, ஏழு மாதம். நிறுவனத்துக்குள் முறையீடு நடக்கிறது என்பதற்காகக் கெடு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லிவிட்டதாம். எச்.ஆர். அதை ஏன் சொல்லப் போகிறது?

கெடுவுக்குள் பதிந்தாலும் முடிந்துவிடாது. ஆணையம் 'வழக்கு போடலாம்' என்று கடிதம் கொடுத்த பிறகு 90 நாளுக்குள் கோர்ட்டில் மனு போட வேண்டும். அந்தக் கடிதத்தை மட்டும் கோர்ட்டுக்கு அனுப்பிய ஒருவரின் வழக்கு 1984ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

ஜெயித்தால்? டல்லாஸ் பார்க்லேண்ட் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் நாசருக்கு, புகார் சொன்னதற்காக அந்த மருத்துவமனையோடு இணைந்த டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையம் பழிவாங்கியது என்று ஜூரி 30 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. சட்டத்தின் உச்சவரம்பு அதை 3 லட்சமாக்கியது. 2013ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. பழிவாங்கும் எண்ணமும் ஒரு காரணம் என்றால் போதாதாம், அது இல்லாவிட்டால் அந்த முடிவே வந்திருக்காது என்று நிரூபிக்க வேண்டுமாம்.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன். வக்கீல் இன்னொரு வழி காட்டினார்: 1866ல் வந்த பழைய சட்டம். ஆணையம் தேவையில்லை, வேலைநீக்கத்துக்கு நான்கு வருடம் கெடு. ஆனால் அது இனத்துக்கும் வம்சாவளிக்கும்தான், பிறந்த நாட்டுக்கு இல்லை. "அவர்கள் உங்களைத் திட்டியது நாட்டை வைத்தா, இனத்தை வைத்தா?" என்று கேட்டார். அக்கா ஒரு வாரம் உட்கார்ந்து பழைய வாட்ஸ்அப் மெசேஜ்களைப் புரட்டினார்.