புதிய சிறு வியாபாரத்துக்குச் சரக்கு எங்கே, எப்படி வாங்குவது? – கேள்வி பதில்

மளிகைப் பொருள்களைச் சிங்கப்பூருக்குத் தருவிக்கும் தொழிலில் நெடுங்காலமாக இருந்து வருகிறேன். உணவுப் பொருள்களைப் பற்றி விரிவாகவும், மற்றவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவிலும் பதில் எழுதியிருக்கிறேன்.

பொங்கோல் வாசகி: ஐயா, வீட்டிலிருந்தே இட்லிப்பொடியும் சாம்பார்ப்பொடியும் செய்து விற்கிறேன். குண்டூர் மிளகாயையும் ஈரோட்டு மஞ்சளையும் நேரடியாகத் தருவிக்கலாமா, அல்லது இங்கே தேக்கா (லிட்டில் இந்தியா) வட்டாரத்திலேயே வாங்குவதா?

முதல் ஆண்டில் இங்கேயே வாங்குங்கள். ஆனால் தேக்காவின் சில்லறைக் கடையில் நிற்காமல், அந்தக் கடைக்காரருக்கே சரக்குக் கொடுப்பவர் யார் என்று தேடிச் செல்லுங்கள். அவரைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இறக்குமதியாகும் பொட்டல உணவு எதுவாயினும், அதன்மேல் ஒட்டிய சிட்டையில் (லேபிள்) உள்ளூர் இறக்குமதியாளர், விநியோகிப்பாளர் அல்லது முகவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஆகவே, கடை அலமாரியில் பொட்டலங்களின் பின்புறத்தைப் படித்துக் குறித்துக்கொண்டே வந்தால், ஒரே பிற்பகலில் உங்களுக்கு வேண்டிய இறக்குமதியாளர் பட்டியல் கிடைத்துவிடும். பிறகு நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் அந்தப் பெயர்களைத் தேடி, நிறுவனம் இன்னும் இயங்குகிறதா என்று பாருங்கள். வெங்காயம், பூண்டு, வற்றல் போன்றவற்றை மூட்டைக் கணக்கில் வாங்க, பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்கு நேரில் சென்று, சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து விலை கேளுங்கள். தொலைபேசியில் கேட்கும் புதியவருக்கு நல்ல விலை சொல்ல யாருக்கும் அவசியமில்லை.

வீட்டில் சிறிய அளவில் செய்து விற்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டியதில்லை என்பதால், இறக்குமதிக்கும் வேண்டியதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். விற்பனைக்காக உணவைத் தருவிப்பவர், பொருளின் வகைக்கேற்ப உரிமமோ பதிவோ பெற வேண்டும். ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் இறக்குமதி அனுமதி எடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது பொறுப்பு. 2024 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு என்னும் பூச்சிக்கொல்லி அளவுக்கு மேல் இருந்ததால், சந்தையிலிருந்து அதைத் திரும்பப் பெறுமாறு உணவு அமைப்பு உத்தரவிட்டது. அந்த உத்தரவு சென்றது இங்குள்ள இறக்குமதியாளருக்குத்தான். நேரடியாகத் தருவிக்கும் நாளில் அந்த இடத்தில் நிற்பவர் நீங்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: அண்ணன், நீங்கள் மக்களை அச்சுறுத்துகிறீர்கள். நேரடியாகத் தருவித்தால் விலை பாதியாகக் குறையும். இறக்குமதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி என்பீர்கள். உள்ளூர் மொத்த வியாபாரியும் அதே வரியைத்தானே வாங்குகிறார்?

வரியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. வரி இரு வழியிலும் உண்டு, அதைக் காரணம் காட்டி நான் யாரையும் தடுக்கவில்லை. வேறுபாடு நிலையான செலவில் இருக்கிறது. அனுமதி எடுத்துத்தரும் முகவரின் கட்டணம், துறைமுகக் கிடங்கில் சரக்கைப் பிரித்துத்தரும் கட்டணம், வீடுவரை வரும் லாரி வாடகை ஆகியவை சரக்கின் எடைக்கு ஏற்ப அதிகம் குறைவதில்லை. 100 கிலோ மிளகாய்க்கு ஆகும் தொகை 1,000 கிலோவுக்குப் பத்து மடங்காகிவிடுவதில்லை என்னும்போது, பொங்கோல் சகோதரியின் ஒவ்வொரு கிலோவும் அந்தச் சுமையைத் தாங்கித்தான் அவர் வீடு வந்து சேரும்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: என் மாமா விருதுநகரில் இருக்கிறார். அவர் அனுப்பிவைத்தால் முகவரும் வேண்டாம், எழுத்து ஒப்பந்தமும் வேண்டாம். சொந்தபந்தத்தைவிட நம்பிக்கையான விநியோகிப்பாளர் உண்டா?

உங்கள் மாமாவின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. அவர் உங்களுக்காக மண்டியில் வாங்கி அனுப்புகிறார். மிளகாயைத் தாமே விளைவிக்கவோ சோதிக்கவோ இல்லை. அவரிடம் ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் இருக்கிறதா, இந்திய நறுமணப் பொருள் வாரியத்தில் ஏற்றுமதியாளராகப் பதிந்திருக்கிறாரா, அனுப்பும் அந்தச் சரக்குத் தொகுதிக்கு ஆய்வகச் சான்று வாங்கித்தர அவரால் முடியுமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக அவரிடமே வாங்கலாம். இல்லையென்றால், சரக்கில் பூசணம் கண்டால் யாரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பீர்கள்? உறவினரிடம் கேட்கத் தயங்கி இழப்பைத் தாங்களே ஏற்றுக்கொண்ட கடைக்காரர்களை நான் அறிவேன். தரம், எடை, விலை, தவணை, சரக்குக் கெட்டால் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் உறவும் நிலைக்கும். தாளில் எழுதக் கேட்பது அவமதிப்பு என்ற எண்ணம்தான் நம்மவர்களை அதிகமாகக் கெடுக்கிறது.

ஈசூன் வாசகர்: இந்தியாவுடன் சிங்கப்பூர் செய்துகொண்ட சீக்கா என்னும் பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டால் எனக்கு வரிச் சலுகை கிடைக்குமா?

2005இல் நடப்புக்கு வந்த அந்த உடன்பாடு இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்புவோருக்கே பெரிதும் பயன்படும். சிங்கப்பூரில் மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் ஆகிய வகைகளுக்கு மட்டுமே சுங்கவரி உண்டு. மளிகைக்கு ஏற்கெனவே இல்லாத வரியில் சலுகை ஏது?

தெம்பனிஸ் வாசகி: இணையத்தில் சேலை விற்க நினைக்கிறேன். காஞ்சிபுரமா, சூரத்தா?

இது என் துறை அன்று. ஜவுளி வணிகர் ஒருவரைக் கேளுங்கள். தூய பட்டு என்று சொல்லி விற்பதாக இருந்தால் மட்டும், சில்க் மார்க் முத்திரை உள்ளதை வாங்குங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மூலிகைக் கூந்தல் தைலம் தருவிக்க எந்த விநியோகிப்பாளர் நல்லவர்?

விநியோகிப்பாளரைத் தேடுமுன், அழகுப்பொருளாக விற்பதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குரிய விவரங்களைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பிடோக் வாசகி: வாட்ஸ்அப்பில் அறிமுகமான ஏற்றுமதியாளர் முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்கிறார். விலை மிகக் குறைவு.

கொடுக்காதீர்கள். 30 விழுக்காடு முன்பணம், மீதி சரக்கு கப்பலேறிய ஆவணத்தின் நகலைக் கண்ட பிறகு என்பது பரவலான வழக்கம். அதற்கு ஒப்புக்கொள்ளாதவர் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். இன்வாய்ஸில் உள்ள நிறுவனப் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பழகிய விநியோகிப்பாளரிடமிருந்தே "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தாலும், உங்களிடம் முன்பே உள்ள எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள்.

செங்காங் வாசகர்: தமிழ்நாட்டில் நல்ல மசாலா விநியோகிப்பாளர் ஒருவரின் தொலைபேசி எண் தர முடியுமா?

எண் தரமாட்டேன். எனக்கு ஒத்துவந்தவர் உங்கள் அளவுக்கும் தவணைக்கும் ஒத்துவர வேண்டும் என்பதில்லை. தேடும் வழியை முதல் பதிலில் எழுதியிருக்கிறேன்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: ஐயா, எண் மட்டும் போதும்.

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். முழு முன்பணம் கொடுக்காதீர்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

குவீன்ஸ்டவுன் வாசகி: உள்ளூர் மொத்த வியாபாரி மாதிரியாகக் காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று. 6,000 வெள்ளி. என்ன செய்யலாம்?

சரக்கு வந்த அன்றே படமெடுத்து, எழுத்தில் புகார் தெரிவியுங்கள். அவர் தீர்க்காவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குச் செல்லலாம்; 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கும், இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அடுத்த முறை மாதிரியை இரண்டாகப் பிரித்து, இருவரும் கையொப்பமிட்ட உறையில் ஒட்டி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கோல் வாசகி: ஐயா, மூன்று இறக்குமதியாளர்களின் பெயர்களைக் குறித்துவிட்டேன். ஒருவரிடமே வாங்கினால் விலை குறையும் என்கிறார்கள். சரியா?

மிளகாய்க்கு இருவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொடியின் நிறமும் காரமும் அதில்தான் இருக்கின்றன, ஒருவரிடம் சரக்குத் தீர்ந்தால் உங்கள் விற்பனையும் நின்றுவிடும். உளுந்து, உப்பு, பெருங்காயம் ஆகியவற்றை ஒருவரிடமே வாங்கலாம். முதல் சில முறை சரக்கைப் பெற்றதும் ரொக்கமாகக் கொடுங்கள். அதன்பின் 30 நாள் தவணை கேளுங்கள். ஒவ்வொரு மூட்டையின் தொகுதி எண்ணையும் காலாவதித் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, எந்தப் பொடியில் எது சேர்ந்தது என்பதையும் பதிந்துவையுங்கள். அந்தக் குறிப்பேட்டை இந்த வாரமே தொடங்குங்கள்.