ராஜபாளையம் பெட்டைக்கு உடன்பிறந்த கடுவனைச் சேர்க்கலாமா?

கேள்வி: எங்கள் தோட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். காவலுக்கு ராஜபாளையம் பெட்டை ஒன்று வளர்க்கிறோம். வயது 14 மாதம், சுத்த வெள்ளை, ரோஸ் மூக்கு. இரண்டாவது முறையாகப் பருவத்துக்கு வந்து நான்கு நாட்களாக இரத்தம் கசிகிறது. இதே ஈத்தில் பிறந்த கடுவன் என் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. வெளி நாயைச் சேர்த்தால் கலப்பாகிவிடும், அண்ணனைச் சேர்த்தால்தான் ஜாதி நிற்கும் என்கிறார்கள். குட்டிகளை 40 நாளில் எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரியும் தயார். இவை பிறந்த ஈத்தில் ஏழு குட்டிகள்; அதில் இரண்டுக்குக் காது கேட்கவில்லை. அது ஒரு தடையா?

பதில்: கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும் நீங்கள். ஆம், தடைதான். அந்தக் கடுவனோடு இந்தப் பருவத்திலும் சேர்க்க வேண்டாம், எந்தப் பருவத்திலும் சேர்க்க வேண்டாம்.

உங்கள் பட்டியில் ஆடு இருந்தால் ஒன்று கேட்கிறேன். பொலிகடாவை எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்? இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவீர்கள். அது பெற்ற பெட்டைக்குட்டிகள் பருவத்துக்கு வந்து அதனோடே சேர்ந்தால், பிறப்பவை நோஞ்சானாகப் போகும் என்று யாரும் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். ஆட்டுக்குத் தெரிந்த இந்தக் கணக்கை நாய்க்கு மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அண்ணன் தங்கைக்குப் பிறக்கும் குட்டியின் மரபணு ஜோடிகளில் சராசரியாக 25 சதவீதம், தாய்வழியிலும் தந்தைவழியிலும் ஒரே மூதாதையின் ஒரே நகலாக வந்து சேர்கின்றன. தாயையும் மகனையும் சேர்த்தாலும் இதே கணக்கு. தாயோ தந்தையோ மட்டும் ஒன்றான அரை உடன்பிறப்புகளுக்கு 12.5 சதவீதம். ஒற்றை நகலாக இருந்தவரை வெளியே தெரியாமல் கிடந்த குறைகள், இரட்டையாகச் சேர்ந்ததும் தலைகாட்டும். சினை பிடிக்காமல் போவது, ஈத்துக்குக் குட்டிகள் குறைவது, பிறந்த வாரத்திலேயே குட்டிகள் சாவது எல்லாம் இதன் தொடர்ச்சி. வெளி நாய் என்றால் வேறு ஜாதி நாய் என்று பொருளல்ல. அதே ராஜபாளையத்தில், உங்கள் நாயோடு இரத்தத் தொடர்பில்லாத வழியில் வந்த கடுவன். அப்படிச் சேர்ப்பதால் எதுவும் கலப்பாகாது.

இனிச் செவிட்டுக்கு வருகிறேன். தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் நிறமி அணுக்கள் உட்காதிலும் வேண்டும். அங்கே ஒலியை வாங்கும் பகுதிக்கு உயிரூட்டும் இரத்த நாளப் படலம், அந்த அணுக்கள் இருந்தால்தான் நிலைக்கும். உடம்பை வெள்ளையாக்கும் மரபணு காதுக்குள்ளும் நிறமியைத் தடுத்துவிட்டால், குட்டி பிறந்த மூன்று நான்கு வாரங்களில் அந்தப் படலம் சுருங்கி, காது நிரந்தரமாகப் போய்விடும். மருந்து கிடையாது. வெள்ளை உடம்பில் கரும்புள்ளி உள்ள டால்மேஷன் என்ற நாய் இனத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. நீலக்கண் உள்ளவற்றில் செவிடு அதிகம். நீலக்கண்ணைத் தரக்குறைவாக ஒதுக்கிய இங்கிலாந்தில் செவிட்டின் அளவு அமெரிக்காவைவிடக் குறைவு.

நம் ஊரிலோ முழு வெள்ளைக்குத்தான் விலை. வெள்ளை ஈத்தில் பிஸ்கட் நிறத்தில் ஒரு குட்டி விழுந்தால் அதைப் பிறந்த அன்றே கொன்றுவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். காதில் நிறத்தோடு பிறந்த குட்டியைக் கொன்றுவிட்டு, செவிட்டு வெள்ளையை விலைக்கு விற்பதை என்னவென்று சொல்ல? காவலுக்கு வைக்கும் நாய்க்குக் காது வேண்டாமா? உங்கள் பெட்டைக்கு நிறக் குட்டி பிறந்தால் அதையும் வளர்த்து, நல்ல இடத்தில் கொடுங்கள்.

இதில் இன்னொரு சிக்கல், ஒரு காது மட்டும் கேளாத நாய். அது கூப்பிட்டால் வரும், குரைக்கும், எந்தக் குறையும் தெரியாது. குறையைக் குட்டிக்கு மட்டும் கொடுக்கும். உங்கள் பெட்டையும் அப்படி இருக்கலாம், மைத்துனரின் கடுவனும் அப்படி இருக்கலாம். ஒலி கேட்கும்போது மூளையில் எழும் மின் அலைகளைக் கருவியில் பதிவு செய்தால்தான் தெளிவாகும். இந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். இரண்டு காதும் சரி என்று உறுதியாகாமல் நானாக இருந்தால் இந்தப் பெட்டையைச் சேர்க்கவே மாட்டேன். அதைப் பெற்ற தாய் தந்தையையும் மறுபடி ஜோடி சேர்க்கக் கூடாது. இதை அவற்றை வைத்திருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

வயதும் போதாது. 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. ஆண்டுக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் ஐந்து ஈத்து, எட்டு வயதுக்குமேல் ஒன்றும் இல்லை. விற்பதற்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் நாட்டு நாய் இனங்களைப் பெயர் சொன்னபின் குட்டி கேட்டு அலைபவர்கள் பெருகினார்கள். பருவத்துக்குப் பருவம் ஈன வைத்துப் பெட்டையை எலும்பாக்குகிறவர்களும் கூடவே பெருகினார்கள்.

இன்று உடனே செய்ய வேண்டியது, இரத்தம் கண்ட நாளிலிருந்து மூன்று வாரம் பெட்டையைக் கதவுள்ள கொட்டகையில் அடைத்து வைப்பது. வெளியில் கட்டிப்போட்டால் போதாது, கடுவன் தேடி வந்துவிடும். பத்தாம் நாளை ஒட்டிக் கசிவு வெளிறி வைக்கோல் நிறமாகும், பெட்டை வாலை ஒதுக்கி நிற்கும். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது அப்போதுதான். அடுத்த பருவம் ஏறக்குறைய ஆறு மாதம் கழித்து, 20 மாத வயதில் வரும். காதுச் சோதனை நல்லபடி முடிந்தால் அப்போது யோசிக்கலாம்.

அதற்குள் கடுவனைத் தேடுங்கள். தாத்தா பாட்டி வரை கேளுங்கள். உங்கள் பெட்டை எந்த வீட்டு வழி என்பதையும் எழுதி வையுங்கள். கடுவனின் உடம்பு முழுக்கச் சொறி வந்த வரலாறு இருந்தால் விட்டுவிடுங்கள். டெமோடெக்ஸ் உண்ணிச் சொறி உடம்பெல்லாம் பரவும் தன்மை வழிவழியாக வருவது; ராஜபாளையத்தில் சொறித் தொல்லை உண்டு. கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லாவுக்கு இரண்டுக்கும் இரத்தச் சோதனை செய்யுங்கள். கை வைத்தால் கடிக்க வரும் கடுவன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சினைக்காலம் சுமார் 63 நாள். அதுபற்றிச் சேர்க்கும் சமயத்தில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று: பசுவுக்குக் கொடுப்பதுபோல் சினை நாய்க்குச் சுண்ணாம்புச் சத்து டானிக்கை ஊற்றாதீர்கள். சினையில் அதிகம் கொடுத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும் உடம்பின் பழக்கம் மந்தமாகி, பால் கொடுக்கும்போது வலிப்பு வரலாம்.

நாற்பது நாளில் குட்டி கேட்கும் வியாபாரியைத் திருப்பி அனுப்புங்கள். எட்டு வாரத்துக்கு முன் விற்பது அதே விதிகளின்படி தவறு. தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று பழகுகிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இறங்கும் நேரமும் அதுதான்; தடுப்பூசி வேலை செய்யுமுன் சந்தை சந்தையாக அலையும் குட்டியைப் பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் நோய் கொண்டுபோகும். வாங்குபவரை நீங்களே பார்த்துக் கொடுங்கள். ஓட இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்கு இந்த நாயைக் கொடுத்தால் ஆறு மாதத்தில் தெருவுக்கு வந்துவிடும்.

காது கேளாத அந்த இரண்டு குட்டிகளும் இப்போது யாரிடம் இருக்கின்றன? வைத்திருப்பவருக்கு விஷயம் தெரியாவிட்டால் இன்றே சொல்லுங்கள். வண்டி வருவது அவற்றுக்குத் தெரியாது. வேலிக்கு வெளியே அவிழ்த்துவிடக் கூடாது. தூங்கும்போது தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்கும். மூக்கருகே கையை வைத்து வாசனை காட்டி எழுப்ப வேண்டும். கைச்சாடையை நன்றாகவே கற்றுக்கொள்ளும். இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடச் சொல்லுங்கள்.