ஃபைனல் இயர் சர்ஜரி எக்ஸாம்: கேள்வி பதில்

சர்ஜரி பிஜி கடைசி வருஷம் நான். கிளினிக்கல்ஸ் (பேஷண்டை நேர்ல பார்த்து பதில் சொல்ற எக்ஸாம்) பக்கத்துல வந்துட்டதால ஜூனியர்ஸ் கேட்டதுக்கெல்லாம் ஒரே இடத்துல பதில் போடுறேன்.

கேள்வி: அக்கா, ஒரு மாசம்தான் இருக்கு. புக் முடிக்கவா, கேஸ் பார்க்கவா?

பதில்: காலையில வார்டுக்கு போ தம்பி, என்ன கேஸ் பார்த்தியோ ராத்திரி அதையே படி. கையால தொட்டுப் பார்த்த பிறகு படிச்சா மறக்கவே மறக்காது.

கேள்வி: ஹெர்னியால (குடலிறக்கம்) டீப் ரிங் அக்லூஷன் டெஸ்ட், அதாவது குடல் இறங்குற உள் வளையத்தை விரலால அடைச்சுப் பார்க்குறது, ஒவ்வொரு தடவையும் சொதப்புதுக்கா.

பதில்: இடத்தை தப்பா வைக்கிறதுதான் முக்கால்வாசி காரணம். ஆன்டீரியர் சுப்பீரியர் இலியாக் ஸ்பைனையும் (இடுப்பெலும்போட முன்முனை) பியூபிக் ட்யூபர்கிளையும் (அடிவயித்துக்கு கீழ பியூபிக் எலும்புல இருக்குற சின்ன மேடு) தடவி கண்டுபிடி, ரெண்டுக்கும் நடுப்புள்ளியில இருந்து 1.25 செ.மீ மேல வை. பசங்க ட்யூபர்கிளுக்கு பதிலா சிம்ஃபசிஸ்ல (ரெண்டு பியூபிக் எலும்பும் நடுவுல சேருற இடம்) இருந்து அளக்குறாங்க, அப்படி வர்ற நடுப்புள்ளி ஃபெமோரல் ஆர்ட்டரி (தொடை ரத்தக்குழாய்) பார்க்குற இடம். முதல்ல படுக்க வெச்சு வீக்கத்தை முழுசா உள்ள அனுப்பிடணும், அப்புறம் கட்டைவிரலால ரிங்கை அழுத்திக்கிட்டே அவரை எழுப்பி நிக்க வெச்சு இரும சொல்லு. வெளிய வரலைன்னா இன்டைரக்ட் (ரிங் வழியா வர்றது), விரலுக்கு உள்பக்கமா புடைச்சா டைரக்ட் (வயித்துச் சுவர் வழியா நேரா வர்றது). இதோட நிறுத்திடாதே, நாள்பட்ட இருமல் இருக்கா, முக்கி முக்கி மூத்திரம் போறாரா, மூட்டை தூக்குற வேலையான்னு கேட்கணும். பெரியவர்னா பிஆர் (ஆசனவாய்ல விரல் விட்டுப் பார்க்குற சோதனை) பண்ணி புரோஸ்டேட் பார்க்கணும்னு நீயே சொல்லிடு, எக்ஸ்டர்னல் (வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர்) கேட்குற வரைக்கும் காத்திருக்காதே.

கேள்வி: பிவிடி (கால் ரத்தக்குழாய் அடைப்பு) கேஸ் வந்தா ஹிஸ்டரில எதை விடக்கூடாது?

பதில்: எவ்வளவு தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா விடுதா, ராத்திரி வலியில காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்காரா. அப்புறம் பீடி, சுகர்.

கேள்வி: தைராய்டு?

பதில்: தண்ணி குடிக்க வெச்சு வீக்கம் மேல போகுதான்னு பாரு. நாக்கை நீட்டும்போதும் போச்சுன்னா தைரோகிளாசல் சிஸ்ட்டை (கழுத்து நடுவுல வர்ற பிறவிக் கட்டி) நினை. பல்ஸ், கை நடுக்கம், கண் மூணையும் பார்க்காம டயக்னோசிஸ் சொல்லாதே.

கேள்வி: இன்ஸ்ட்ருமென்ட் டேபிள்ல ஆலிஸும் பேப்காக்கும் (ரெண்டுமே திசுவைப் பிடிக்கிற ஃபோர்செப்ஸ்) குழம்புது மேம்.

பதில்: கையில எடுத்து நுனியைப் பாரும்மா. ஆலிஸ்ல குட்டிக்குட்டி பல் இருக்கும், பேப்காக்ல பல்லே இருக்காது, அதனாலதான் அதை வெச்சு குடல், அப்பெண்டிக்ஸ் எல்லாம் காயப்படாம பிடிக்கிறோம். கோக்கர் வந்தா நுனியில ஒன்னுக்குள்ள ஒன்னு மாட்டுற பல் இருக்கும். அதுக்கு பேர் கொடுத்த சர்ஜன் கோக்கருக்குதான் தைராய்டு வேலைக்காக 1909ல நோபல் கிடைச்சுது, சில எக்ஸாமினர்ஸ் ஆசையா கேட்பாங்க.

கேள்வி: பர்ன்ஸ்ல (தீக்காயம்) எவ்வளவு ட்ரிப் ஏத்தணும்ங்கிற பார்க்லேண்ட் கணக்கு?

பதில்: 4 மி.லி × எடை × பர்ன் சதவீதம் (உடம்புல எத்தனை சதவீதம் வெந்திருக்கு), ஏத்துற ட்ரிப் ரிங்கர் லாக்டேட். 60 கிலோ, 30 சதவீதம்னா 7,200 மி.லி, அதுல பாதி முதல் 8 மணி நேரத்துல. ஆனா நேரம் ஓட ஆரம்பிக்கிறது தீப்பட்ட நிமிஷத்துல இருந்து. 2 மணி நேரம் கழிச்சு வந்தார்னா அந்த 3,600ஐ மீதி 6 மணி நேரத்துல ஏத்தணும். அப்புறம் யூரின் அளவு பார்த்து கூட்டிக் குறைக்கணும்.

கேள்வி: எக்ஸ்டர்னல் முன்னாடி வாய் ஒட்டிக்குதுக்கா, என்ன பண்ண?

பதில்: ஃப்ரண்டை எக்ஸாமினரா உட்கார வெச்சு தினமும் ஒரு கேஸ் வாய்விட்டு ப்ரசென்ட் பண்ணு, நடுவுல நிறுத்தி குறுக்கு கேள்வி கேட்க சொல்லு. தெரியாததை "தெரியல சார்"னு சொல்லிடு, இட்டுக்கட்டினா அடுத்த பத்து கேள்வி அதுலதான் வரும். எக்ஸாம் அன்னிக்கு பேஷண்ட் காலையில இருந்து பல பேருக்கு வயிறு காட்டிட்டு இருப்பார், அதனால முதல்ல பேர் கேட்டு, ஸ்க்ரீன் போட்டு, வலிக்கிற இடத்தைக் கடைசியா தொடு.