எரிபொருள் விலையை முன்பே பூட்டிவைத்தால் விமான நிறுவனத்துக்கு லாபம் உறுதியா? நிறுவனங்கள் இணையும்போது விமானிகளுக்குள் ஏன் அவ்வளவு பகை?

உறுதியில்லை. அது காப்பீடு, லாபத் திட்டம் அல்ல.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது, அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் தன் எரிபொருள் தேவையில் சுமார் 70 சதவீதத்துக்கு ஏறத்தாழ 51 டாலரில் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்தது. போட்டியாளர்கள் திணறினார்கள். செப்டம்பர் முடிவில் விலை 100 டாலர் அளவுக்கு இறங்கியதும் அதே ஒப்பந்தங்களின் மதிப்பு சரிந்தது. அந்தச் சரிவைக் கணக்கில் எழுத வேண்டியிருந்ததால், 17 ஆண்டுகளில் முதல்முறையாக அந்நிறுவனம் காலாண்டு நட்டம் காட்டியது: 12 கோடி டாலர். மற்றவர்கள் ஏன் பின்பற்றவில்லை என்று கேட்பது நியாயமில்லை. இத்தகைய ஒப்பந்தத்துக்குக் கையில் ரொக்கமோ நல்ல கடன் தகுதியோ வேண்டும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல்களுக்குப் பிறகு பலரிடம் இரண்டும் இல்லை.

விமானிகளின் பகைக்கு வேர், பணிமூப்பு எண், அதாவது நிறுவனத்தில் யார் முன்பே சேர்ந்தார் என்ற வரிசையில் ஒருவரின் இடம். எந்த விமானம், எந்தத் தடம், எப்போது கேப்டன், யாருக்கு முதலில் வேலையிழப்பு, எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது. 2005இல் யூஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரு விமான நிறுவனங்கள் இணைந்தன. இரு தரப்பு விமானிகளையும் ஒரே மூப்பு வரிசையில் சேர்த்து 2007இல் நடுவர் தந்த பட்டியலை ஏற்காத யூஎஸ் ஏர்வேஸ் விமானிகள் தனிச் சங்கமே அமைத்தார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிறுவனம் மாறினால் மூப்பு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் தொழில் அது.