ஐரிஷ் ஹார்ப் ஆட்டத்துக்கு வாசித்த வாத்தியமா?

அயர்லாந்தின் சீஃப்டன்ஸ் இசைக்குழு வாசிக்கும் ஜிக், ரீல் என்ற ஆட்ட மெட்டுகளில் ஹார்ப்பும் (யாழ் போன்ற கம்பி வாத்தியம்) கேட்கிறதே, அந்தக் காலத்திலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. பழைய ஹார்ப் பிரபுக்கள் வீட்டு வாத்தியம், ஆட்டத்துக்கு பைப்பும் (துருத்திக் குழல்), ஃபிடில் என்ற வயலினும்தான். அதன் உலோகக் கம்பியை நகத்தால் மீட்டினால் நாதம் நெடுநேரம் நிற்கும், சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருக்க விரலாலேயே அதை அவ்வப்போது அணைக்க வேண்டும், ரீல் வேகத்தில் இது பெரும்பாடு. 1792-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் நடந்த ஹார்ப் கலைஞர்கள் கூட்டத்தில் அப்படி நீள நகத்தால் வாசித்தவர் டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவர்தான், அதுவும் தொண்ணூறு வயதுக்கு மேல்! அங்கே எட்வர்ட் பன்டிங் என்ற இசைக்கலைஞர் எழுதி வைத்ததால்தான் பல மெட்டுகள் தப்பின. அப்புறம் உலோகத்துக்குப் பதில் விலங்குக் குடல் நரம்பு, நைலான் கம்பிகள் வந்தன. இன்றைய குழுக்களில் ஃபிடிலும் விசில் என்ற சிறு குழலும் மெட்டை ஓட்ட, ஹார்ப் பல நேரம் அடியில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பிடிக்கும். பழைய ஹார்ப் கலைஞர் கரோலன் (1670–1738) இயற்றிய மெட்டு வந்தால் சரி, அது ஹார்ப்பின் சொந்த வீடு.