அந்த ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்தால் லைக்கன் பிழைக்குமா?

கேள்வி: பழங்காடு ஒன்றில் நுரையீரல் லைக்கன் (லோபேரியா பல்மொனேரியா) படர்ந்த மரம் இருக்கிறது. சுற்றிலும் வெட்டினாலும் அந்த மரத்தைத் தொடமாட்டோம் என்கிறார்கள். அது போதும்தானே?

பதில்: போதாது. மரம் நிற்கும், லைக்கன் போய்விடக்கூடும்.

லைக்கனுக்கு வேர் கிடையாது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்த உடம்பு அது. மரத்தை உறிஞ்சுவதில்லை, பட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நீரும் சத்தும் மழை, பனிமூட்டம், காற்று வழியாகத்தான் பெரும்பாலும் வரும். காய்ந்தால் பழுப்புக் காகிதம் மாதிரி இருக்கும். தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கண்ணெதிரே பச்சை ஏறும். வளர்வது அந்த ஈரமான நேரத்தில் மட்டும். சுற்று மரங்கள் போனால் ஈரம் தங்காது. காய்ந்து கிடக்கும்போது கடும் வெயில் அடித்தால் உள்ளிருக்கும் பாசி வெளுத்துச் சாகும். காற்றில் கந்தக டை-ஆக்சைடு மிகுந்தால் நிழலும் காப்பாற்றாது.

“பெயர்த்து வேறு மரத்தில் ஒட்டித் தருகிறோம்” என்று ஒரு கூட்டம் வரும். நம்பாதீர்கள். ஒட்டியது சில மாதம் பச்சையாகவே தெரியும், அதற்குள் பில் பாஸாகிவிடும். கோடை மதியத்தில் வந்து ஒரே நாளில் கணக்கெடுப்பை முடிக்கும் ஆலோசகர்களும் அப்படித்தான். காய்ந்த லைக்கன் அவர்கள் கண்ணுக்குச் சருகு. நான் நிரப்பிய படிவங்களில் மரத்தின் சுற்றளவு, உயரம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. பட்டைக்கும் ஈரத்துக்கும் ஒரு கட்டம் கிடையாது. எழுதிக் கேட்டேன், பதிலாக அதே படிவம் திரும்பி வந்தது.

பட்டை ஏன் முக்கியம்? ஊசியிலை மரப்பட்டையில் அமிலம் அதிகம், இந்த லைக்கனுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. ஆனால் ஒரு விதிவிலக்கு, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஊசியிலை மரங்களிலும் இவ்வகை லைக்கன்கள் இருப்பதைக் கவனித்தார்கள். அண்ணாந்து பார்த்தால் பக்கத்தில் பாப்லர் என்ற அகன்ற இலை மரம். அதன் இலைகளைக் கழுவிச் சொட்டும் மழைநீர் சுண்ணாம்புச் சத்தைக் கொண்டுவந்து கீழே நிற்கும் மரத்தின் அமிலத்தைத் தணிக்கிறது. லைக்கன் ஒரு மரத்தில், அதைக் காப்பது அடுத்த மரம். அந்த பாப்லரில் இந்த லைக்கன் இல்லாமலும் இருக்கலாம். வெட்டும் பட்டியலில் முதல் ஆளாக நிற்கும்.

ஆகவே ஒரு மரத்தை மட்டும் விடச் சொல்லிக் கேட்காதீர்கள், சுற்றியுள்ள தோப்பையே விடச் சொல்லுங்கள். இந்த லைக்கன் பரவுவதற்காக உதிர்க்கும் துகள்கள் பெரும்பாலும் சில பத்து மீட்டருக்குள்ளேயே விழுகின்றன. அந்த எல்லைக்குள் இருக்கும் இளமரங்களும் நிற்க வேண்டும். மறு கணக்கெடுப்பு கேட்டால், மழை விட்ட காலையில் வரச்சொல்லுங்கள்.