சிறு பிள்ளைகளுடன் செட்டிநாட்டுப் பக்கம் இரண்டு நாள் வருகிறோம், எங்கெல்லாம் போகலாம்?

சிங்கப்பூரிலிருந்து வருவதாகவும், எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் பிள்ளைகள், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய பெரிய வீடுகளாகவே பார்த்தால் பிள்ளைகளுக்கு அலுக்காதா என்பது உங்கள் கவலை. அலுக்கும். காரைக்குடிக்காரனான எனக்கே மூன்றாவது வீட்டில் கொட்டாவி வந்துவிடும். வீடு ஒன்று போதும். மீதி நேரத்தைப் பாறை ஏறுவதற்கும் கைவேலை பார்ப்பதற்கும் வையுங்கள்.

திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டை வழியாக வந்தால் காரைக்குடிக்கு முன்பே திருமயம் வந்துவிடும். அங்கே இறங்கிவிடுங்கள். 1687இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. பாறைக் குன்றின் உச்சியில் பீரங்கி ஒன்று இருக்கிறது, இரும்பு ஏணி ஏறிப் பார்க்கும் சிறு குடைவரையில் ஒரு லிங்கமும் உண்டு. ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் கதையைக் காரிலேயே சொல்லிக்கொண்டு வந்தால் பிள்ளைகள் தாமாகவே ஏறுவார்கள். வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும், ஆகவே காலையிலேயே போய்விட வேண்டும். அம்மா குன்று ஏற வேண்டியதில்லை. அடிவாரத்தில் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சத்தியகிரீசுவரர் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. பாறையில் குடைந்த பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கப் போவது ஆத்தங்குடி. தரை ஓடு செய்யும் பட்டறைகள் அங்கே பல உண்டு. முதலில் கேட்டுக்கொண்டு உள்ளே போய் நின்று பார்க்கலாம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சைப் பொருத்தி, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுவார்கள். அச்சை மெல்ல எடுத்த பிறகும் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பதுதான் வேடிக்கை. அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் தட்டி, காயவைத்து, தண்ணீரில் சில நாள் ஊறப்போடுவார்கள். கடைசியில் கண்ணாடியிலிருந்து பிரித்தால் பளபளவென்று முகம் வரும். சுடுவதும் இல்லை, மெருகுக்கு இயந்திரமும் இல்லை. அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுத்தது. நான் கூட்டிப்போன பிள்ளைகள் யாரும் அங்கிருந்து சீக்கிரம் கிளம்பியதில்லை.

அந்த ஒரு வீட்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களைப் பற்றி வழிகாட்டி சொல்லிக்கொண்டிருக்கட்டும்; நீங்கள் பிள்ளைகளை முகப்பில் நிறுத்தி, வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டு வரை பார்வை ஓடுவதைக் காட்டுங்கள். கானாடுகாத்தானில் சாயங்காலம் தெருவில் நடந்தாலே போதும், பல வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். பிள்ளையார்பட்டி போக விரும்பினால் விசேஷ நாளைத் தவிர்த்து விடியற்காலையில் போங்கள்.

கடைகள் என்றால் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருதான். இடித்த வீடுகளின் கதவு, தூண், எனாமல் தூக்கு, பல்லாங்குழி, ரவிவர்மா படம் எல்லாம் குவிந்து கிடக்கும். அவ்வளவும் பழையது என்று நம்பிவிடாதீர்கள். பழசுபோல் செய்த புதியதும் கலந்திருக்கும், பேரம் பேசலாம். உண்மையிலேயே நூறாண்டு கடந்த கலைப்பொருளாக இருந்தால் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தத் தொல்லையே இல்லாதது கண்டாங்கிச் சேலை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பருத்திச் சேலை, பெரிய கட்டமும் அகலக் கரையுமாக இருக்கும். உங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

செட்டிநாட்டுச் சாப்பாடு என்று பலகை வைத்த இடமெல்லாம் பிள்ளைகளுக்குக் காரம் தாங்காது. வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், கவுனி அரிசி இனிப்பு இவை கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஊருக்குக் கொண்டுபோக மனகோலமும் சீப்புச் சீடையும் வாங்கிக்கொள்ளலாம், பல நாள் கெடாது.

சித்திரை, வைகாசியில் மட்டும் வராதீர்கள். மார்கழி, தை என்றால் பகலெல்லாம் சுற்றலாம்.